நூல்நாட்டம் கைமாறும் விதம்: இந்தியத் தன்வரலாறுகளில் பெற்றோரும் வாசிப்பும்

மக்களுக்குக் கல்வி தருதல் பெற்றோரின் கடன் என்னும் எண்ணம் தமிழிலக்கியத்தில் தொன்மையானது. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோருக்குரிய கடமைகளைத் தனித்தனியே வகுத்து, மகனைச் சான்றோனாக்கும் பொறுப்பைத் தந்தைக்கு உரியதாக்குகிறது. அங்குச் சான்றோன் என்னும் சொல் கல்வியாளனைக் குறிக்கிறதா, வீரனைக் குறிக்கிறதா என்ற வினா நெடுங்காலமாக இருந்துவருகிறது. பாடலின் திணை, துறைகளை நோக்க, வீரன் என்னும் பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் பிற்காலத் தமிழுலகம் அதனைக் கல்வியின் மேலேற்றியே வழங்கிவந்துள்ளது. கற்றோர் அவையில் மகனை முன்னிற்கச் செய்வதே தந்தை ஆற்றும் உதவி என்னும் வள்ளுவர் கருத்தும் இதற்குத் துணைநின்றது.

இவ்விரு பாடல்களும் கடமையைச் சொல்கின்றன. அது நிறைவேறும் விதத்தைச் சொல்லவில்லை. அறநூல் மரபில் அதனை எதிர்பார்க்கவும் இயலாது. எழுத்தறிவைப் பள்ளி தந்துவிடும். ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நூலை விடாமல் பற்றியிருக்கும் நாட்டம் எவ்வாறு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்கிறது என்பதை அறியத் தன்வரலாறுகளையே நாட வேண்டியுள்ளது. உ.வே.சாமிநாதையர், இரவீந்திரநாத தாகூர், பி.ஆர்.அம்பேத்கர், பண்டித ரமாபாய் ஆகியோரின் இளமைக்காலப் பதிவுகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. இத்தகைய ஆய்வுகளில் பெற்றோர் நூல்களை அறிமுகப்படுத்தினர், பிள்ளைகள் அவற்றை விரும்பினர் என்று ஒரே வாக்கியத்தில் கூறிக் கடந்துவிடுவதே பெருவழக்கு. மூலங்களைக் கூர்ந்து படித்தால் இவ்விளக்கம் நிற்கவில்லை. பெற்றோர் விரும்பிய நூலைப் பிள்ளை விரும்பவில்லை. பெற்றோர் கண்ட பொருளைப் பிள்ளை காணவில்லை. ஆயினும் நாட்டம் மட்டும் கைமாறியிருக்கிறது.

ஊர் மாறிய தந்தை

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 1942இல் அவர் மறைந்தமையால் 122 இயல்களோடு நின்றது, 1950இல் நூலாயிற்று. எண்பத்தைந்தை எட்டும் வயதில், எழுபதாண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சிகளை வார இதழ் வாசகருக்காகச் சொன்ன நூல் இது என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது. அந்நூலில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் உருவம் பேரொளியோடு நிற்பதால், தந்தை வேங்கடசுப்பையர் திறனாய்வாளர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. குரு சீட உறவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பத்தில் ஒரு பங்கேனும் தந்தையைப் பற்றி எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

வேங்கடசுப்பையர் நூற்புலவர் அல்லர், இசைவாணர். தம் உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று பாடியும் இராமாயணக் கதை சொல்லியும் அன்பர்களின் ஆதரவில் குடும்பம் நடத்தியவர். மகன் தம்மைப்போல் இசைவல்லவனாக வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவரே மகனுக்கு இசை கற்பிக்கவும் செய்தார். மகனின் மனமோ தமிழ்ச் செய்யுளில் தோய்ந்தது. தமிழ் கற்பதால் இம்மைப் பயனும் இல்லை, மறுமைப் பயனும் இல்லை என்று உறவினர் கருதிய காலம் அது. ஆங்கிலம் கற்றால் வேலை. வடமொழி கற்றால் புண்ணியம். இவ்விரண்டுமற்ற ஒன்றை மகன் நாடியபோது, தாம் கற்பிக்க இயலாத அப்பொருளைக் கற்பிப்பவர் எங்கிருப்பினும் தேடிச்செல்வது எனத் தந்தை துணிந்தார்.

அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார், இறுதியில் 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என இவ்வரிசையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். பாடநூல்கள் இதனை உ.வே.சா.வின் கல்விப் பயணமாகவே காட்டுகின்றன. தந்தையின் பக்கமிருந்து நோக்கினால் இது ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சி வரலாறு. ஒவ்வோர் ஊரிலும் புதிய ஆதரவாளரைத் தேட வேண்டும். தங்க வீடு வேண்டும். உணவுக்கு நெல் வேண்டும். இசைவாணருக்கு ஓரிடத்தில் கிடைக்கும் செல்வாக்கு அவ்விடத்தை விட்டு நீங்கியதும் கைநழுவிப்போவது. கார்குடியில் நன்னூல் கற்கவும் செங்கணத்தில் யாப்பருங்கலக் காரிகை கற்கவும் மகனுக்கு வாய்த்த ஒவ்வொரு வாய்ப்பின் பின்னும் தந்தை தம் பிழைப்பைப் புதிதாக நிறுவிக்கொள்ள நேர்ந்த ஒரு தொடக்கம் உண்டு. நூல்கள் அச்சில் எளிதிற் கிட்டாத அந்நாளில், கற்பதற்கு நூலைவிட மனிதரைத் தேடுவதே முதன்மையானது. ஆகவே நூல் வாங்கித் தரும் தந்தையை இந்நூலில் எதிர்பார்ப்பது பிற்கால வழக்கத்தை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

இங்கு நுணுகி நோக்கத்தக்க பகுதி மாயூரத்து இசைப் பயிற்சியாகும். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தமிழ் பிள்ளையிடமும் இசை பாரதியாரிடமும் என இரண்டும் கைகூடும் என்று தந்தை மகிழ்ந்தார். மகனும் பாரதியாரிடம் பயிலத் தொடங்கினார். இதனை அறிந்த மகாவித்துவான், இசையில் மிகுதியாக ஈடுபட்டால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்னும் கருத்தை வெளியிட, மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். உ.வே.சா. இதனை மிகச் சுருக்கமாகவே கூறிச் செல்கிறார். ஆயின் தந்தையின் பல்லாண்டுக் கனவு முடிந்த இடம் இதுவே. மகனைத் தம் கையாற் கொண்டுபோய் ஒப்படைத்த ஆசிரியரே தம் விருப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததைத் தந்தை ஏற்க நேர்ந்தது.

இவ்விழப்போடு செய்தி முடிந்துவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் முன் செய்யுட்களை இராகத்தோடு படிக்கும் திறத்தால் இளைஞர் சாமிநாதர் தனி மதிப்புப் பெற்றார். தேசிகர் இசைச்சுவை அறிந்தவர். ஆசிரியர் விலக்கிய இசை, ஆசிரியரின் புரவலர் அவையில் மாணவருக்கு அடையாளமாயிற்று. இங்குத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது செவி. செய்யுளை முதலில் ஓசையாகக் கேட்கும் பழக்கம் அது. பிற்காலத்தில் சிதைந்த ஏட்டில் சொல் பிரிக்கவும், செய்யுள் எது உரை எது என அறியவும் இச்செவி அவருக்கு எவ்வளவு துணைசெய்தது என்பது தனியே ஆராயத்தக்கது. ஓசை பிழைத்த இடத்தில் பாடம் பிழைத்திருக்கும் என்று ஐயுறுவது பதிப்பாசிரியருக்கு இன்றியமையாத பண்பு. பொன்முடியாரின் பாடலை 1894இல் புறநானூற்றுப் பதிப்பின்வழி அச்சில் ஏற்றியவர் வேங்கடசுப்பையரின் மகனே என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

வைகறைப் பாடம்

தாகூரின் ‘ஜீவன்ஸ்மிருதி’ 1912இல் வங்காளத்தில் நூலாக வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1917இல் வந்தது. வேங்கடசுப்பையருக்கு நேர்மாறான சூழல் இது. ஜோராசங்கோ மாளிகையில் நூலுக்குக் குறைவில்லை, தந்தைக்கே குறைவு. தேவேந்திரநாதர் பெரும்பாலும் வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். பிள்ளைகள் பணியாளர் பொறுப்பில் வளர்ந்தனர். 1873இல் பூணூற் சடங்கு முடிந்தபின் மகனை அவர் இமயமலைக்கு அழைத்துச் சென்ற சில திங்கள்களே இருவரும் நெருங்கியிருந்த முதற்காலம். அப்பயணத்தில் பீட்டர் பார்லி வரிசையிலிருந்து ஆங்கிலம் கற்பித்தார். பிராக்டரின் வானநூலை எளிய சொற்களில் விளக்கினார். மகன் அதனை வங்காளத்தில் எழுதினான். பகவத்கீதையில் தமக்கு விருப்பமான சுலோகங்களைப் படியெடுக்கும் பணியையும் மகனிடம் தந்தார். பக்ரோட்டா மலையில், கதிர் எழுமுன் கம்பளியின் வெதுவெதுப்பிலிருந்து எழுப்பி வடமொழி வேற்றுமை வாய்பாடுகளை மனப்பாடம் செய்யவைத்தார். அதனைத் தாகூர் துன்பமாகவே நினைவுகூர்கிறார்.

இப்பாடங்களுள் எதுவும் தாகூரைத் தாகூராக்கியது என்று நான் கருதவில்லை. அந்நூலில் எனக்கு முதன்மையாகப் படுவது வேறொரு செய்தி. தந்தை தாம் படிப்பதற்கென்று கிப்பனின் உரோமப் பேரரசு வரலாற்றைப் பல தொகுதிகளாக உடன் கொண்டுவந்திருந்தார். சுவையற்றதாகத் தோன்றிய அந்நூலைப் பார்த்துச் சிறுவன் வியந்தான். சிறுவனாகிய நான் வேறு வழியின்றிப் படிக்கிறேன்; யாரும் வற்புறுத்தாத பெரியவர் ஏன் தம்மை இப்படி வருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் வினா. வேடிக்கையாகச் சொல்லப்பட்டிருப்பினும் இவ்வினா ஆழமானது. கட்டாயமின்றி ஒருவர் படிப்பதைக் குழந்தை முதன்முதலாகக் கண்ட கணம் அது. தந்தை அப்போது எதுவும் கற்பிக்கவில்லை. தம் போக்கில் படித்துக்கொண்டிருந்தார்.

இரவு இரண்டு மணி

அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பாலைப் பற்றிய செய்திகள் இரு வழியாகக் கிடைக்கின்றன. ஒன்று, தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு (1954). மற்றொன்று, ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு அம்பேத்கரே 1956இல் எழுதிய முன்னுரை. அவர் மறைவுக்குப்பின் 1957இல் வந்த முதற்பதிப்பில் இம்முன்னுரை இடம்பெறவில்லை. ஒரு மகன் தன் தந்தையிடம் பெற்ற வாசிப்பைப் பற்றி எழுதிய பக்கங்களில் இவற்றுக்கு இணையானவை இந்திய மொழிகளில் மிகச் சிலவே எனலாம்.

இராம்ஜி படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்; கபீர் நெறியினர். பம்பாயில் பரேல் பகுதியில் ஓர் அறையே வீடு. அவ்வறையில் அனைவரும் ஒருசேர விழித்திருந்து படிக்கவோ, ஒருசேரக் கால் நீட்டி உறங்கவோ இடமில்லை. மகன் முன்னிரவிலேயே உறங்கிவிடுவான். தந்தை இரண்டு மணிவரை விழித்திருப்பார். பின் மகனைப் படிக்க எழுப்பிவிட்டு அவ்விடத்தில் தாம் படுப்பார். ஓர் இடத்தை இருவர் நேரத்தால் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு இது. மகன் கேட்ட நூலை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான மகளிடம் சென்று கடன் கேட்பார். அவளிடம் பணமில்லையெனில் மற்றொரு மகளிடம் நகை பெற்று அடகுவைத்து நூலை வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் தருவார். நூலின் விலை என்பது இங்கு உருவகம் அன்று. ஒவ்வொரு நூலின் பின்னும் ஒரு தமக்கையின் நகை அடகுக்கடையில் இருந்தது. இவ்வரலாற்றை மேடைகளில் எடுத்துரைப்போர் தந்தையைப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றனர். கேட்டவுடன் நகையைக் கழற்றித் தந்த தமக்கையர் இருவரும் இந்நூல்களைப் படித்தனரா என்று எவரும் கேட்பதில்லை.

முன்னுரை தரும் செய்தி இதனினும் கூர்மையானது. இராம்ஜி தம் பிள்ளைகளை இராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் செய்தார். தாழ்ந்தோரை இழித்துரைக்கும் இந்நூல்களை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று மகன் கேட்டான். தீண்டத்தகாதோராகிய நமக்குத் தாழ்வு மனப்பான்மை வருவது இயல்பு, துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தனர் என்று பார், வால்மீகியும் அத்தகையவரே என்பது தந்தையின் மறுமொழி. அதில் ஆற்றல் இருந்ததை மகன் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் நிறைவு பெறவில்லை. வீடுமரும் துரோணரும் கண்ணனும் இராமனும் அவருக்கு உவப்பானவராகத் தோன்றவில்லை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கெலுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அதைப் படித்தபின் மகன் தந்தையிடம், பௌத்த இலக்கியத்தை ஏன் எங்களுக்கு அறிமுகப்படுத்தவில்லை என்று கேட்கிறார். இராமாயண பாரதங்களைப் பற்றிய பழைய வினாவும் உடன் எழுகிறது. அதற்குத் தந்தையிடமிருந்து விடை வரவில்லை.

நூல்நாட்டம் கைமாறுதல் பற்றிய என் கருத்துக்கு இந்த விடையின்மையே அடிப்படை. தந்தை தந்த நூலை மகன் மறுக்கிறார். தந்தை தந்த பொருள்கோடலையும் மறுக்கிறார். ஆனால் மறுப்பதற்கு அந்நூல்களை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். நூலில் உள்ளதைப் பற்றித் தந்தையிடமே வினா எழுப்பலாம் என்னும் உரிமையும் அவ்வீட்டில் இருந்திருக்க வேண்டும். அதட்டி அடக்கியிருந்தால் வினாவும் அடங்கியிருக்கும், வாசிப்பும் அடங்கியிருக்கும். இராம்ஜி தமக்குத் தெரிந்த விடையைச் சொன்னார், தெரியாதபோது பேசாதிருந்தார். அவ்வாறு அவர் விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் பின்னாளில் தாதரில் ‘இராஜகிருகம்’ எழுந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மனிதர் வாழ்வதற்காக மட்டுமின்றி நூல்கள் தங்குவதற்காகவும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட வீடு அது. ஓரறையில் முறைவைத்து உறங்கிப் படித்தவர் கட்டியது.

தாயின் வாய்

இதுவரை கண்டவை தந்தையர் வரலாறுகள். ‘என் சரித்திர’த்தில் தாயார் சரசுவதியம்மாள் அன்பாகவும் உழைப்பாகவும் வருகிறார், கல்வியின் பங்காளியாக வருவதில்லை. இது அந்நூலின் குறை அன்று, அக்காலத்தின் நிலை என்பர். ஆனால் அதே காலத்தில் மேற்குமலைத் தொடரின் கங்காமூலக் காட்டில் நிகழ்ந்தது வேறு.

அனந்த சாஸ்திரி டோங்கரே, தம் ஆசிரியர் பேஷ்வா குடும்பத்துப் பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பதை இளமையில் கண்டவர். தம் மனைவி இலட்சுமிபாய்க்கும் கற்பிக்க முற்பட்டார். உற்றார் எதிர்த்தனர், காட்டில் குடியேறினார். மகள் ரமாபாய் (பிறப்பு 1858) கற்கும் வயதை அடைந்தபோது தந்தை முதுமையெய்திவிட்டார். ஆகவே தாயே ஆசிரியரானார். பகல் முழுவதும் வீட்டு வேலை, மாணாக்கர்க்கும் விருந்தினர்க்கும் உணவு. எஞ்சியது விடியலுக்கு முந்திய பொழுது ஒன்றே. உறங்கும் மகளைக் கொஞ்சி எழுப்பி, பறவைகள் ஒலிக்கத் தொடங்கும் அவ்வேளையில் பாடம் சொன்னார் என்றும், தாயின் வாயைத் தவிர வேறு நூல் இல்லை என்றும், ‘உயர்சாதி இந்துப் பெண்’ (1887) நூலுக்கு ரேச்சல் பாட்லி எழுதிய முன்னுரை கூறுகிறது. ரமாபாய் அந்நூலைத் தம் தாய்க்கே உரிமையாக்கியுள்ளார்.

பக்ரோட்டாவிலும் பரேலிலும் கங்காமூலத்திலும் ஒரே செயல் நிகழ்வதைக் காண்கிறோம். பெற்றோர் ஒருவர் இருளில் குழந்தையை எழுப்புகிறார். மூன்றையும் ஒன்றாகக் கருதிவிடவும் கூடாது. தேவேந்திரநாதர்க்கு வைகறை எழுதல் தவ ஒழுக்கம், இராம்ஜிக்கு இடமின்மை, இலட்சுமிபாய்க்குப் பகலில் தமக்கென ஒரு நாழிகையும் இல்லாமை. மூவருள் இழப்பு மிகுந்தவர் இலட்சுமிபாய் எனலாம். மற்ற இருவரும் தம் ஓய்வு நேரத்தைத் தந்தனர். அவர்க்கோ ஓய்வு என்று ஒன்று இருந்ததே ஐயம். 1870களின் பஞ்சத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த ரமாபாய், புராணங்களை ஓதிப் பெற்ற அதே வடமொழிப் புலமையைக் கொண்டு அப்புராணங்கள் பெண்ணைப் பற்றிக் கூறுவதை வினவினார். 1883இல் கிறித்தவம் தழுவினார். பெற்றோர் கற்பித்ததன் நோக்கம் இதுவாக இருந்திருக்க முடியாது. அம்பேத்கரிடம் கண்ட அதே முரண் இங்கும் உண்டு. ஆயினும் நன்றியுரை தாய்க்கே செல்கிறது.

பெற்றோர் இருந்தும் கொடுக்க ஒன்றுமில்லாத நிலையும் உண்டு. அதற்குச் சான்றாக வங்காளத்தின் இராசசுந்தரி தேவி நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த அவருடைய ‘ஆமார் ஜீபன்’ வங்காளத்தின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுவது. பெண் படித்தால் கைம்மை நேரும் என்ற அச்சம் நிலவிய சூழலில் அவருக்கு எவரும் எழுத்துக் கற்பிக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது வீட்டின் புறத்தே நடந்த ஆண்பிள்ளைகளின் பள்ளியில் வெறுமனே அமர்ந்திருந்தபோது கண்ணிற்பட்ட எழுத்துகள் மட்டும் மங்கலாக நினைவில் இருந்தன. மணமாகிப் பிள்ளைகளும் பிறந்தபின், சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்னும் வேட்கையால் அச்சுவடியிலிருந்து ஓர் ஏட்டைக் கழற்றிச் சமையலறையில் மறைத்துவைத்தார். எழுத்துகளை ஒப்பிட்டு அறிய வேறு துணை வேண்டுமே. எட்டு வயது மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து ஒளித்துக்கொண்டார். மகனின் கோணல் எழுத்தையும் சுவடியின் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்து, எவரும் காணாத வேளைகளில், அத்தாய் படிக்கக் கற்றார். அப்பனையோலை தன்னிடமிருந்து போனதை மகன் அறிந்ததாக நூலில் குறிப்பு இல்லை.